போடிமெட்டில் இருந்து இறங்கும் ஒரு லாரி எத்தனை டீ போடும்?

[காட்சி: போடிமெட்டு மலைச்சாலை, மேலே இருந்து]

கேரள எல்லையில் போடிமெட்டு. அங்கிருந்து சரக்கோடு ஒரு லாரி போடிக்கு இறங்குகிறது. உராய்வு என்ற ஒன்றே இல்லாவிட்டால், அடிவாரம் சேரும்போது அதன் வேகம் எவ்வளவு இருக்கும்? மணிக்கு 500 கிலோமீட்டர்! லாரி வேண்டாம், ஒற்றை ஏலக்காய் வழுக்கிக்கொண்டு வந்தாலும் அதே 500தான். இந்தக் கணக்கில் எடை அடிபட்டுப் போகும்.

[திரையில்: நிறை × ஈர்ப்பு முடுக்கம் × உயரம்]

இது பள்ளிப் பாடம், தாண்டிவிடலாம். லாரியும் சரக்கும் சேர்த்து 10 டன், இறங்கும் உயரம் 1000 மீட்டர் என்று வைத்தால், உயரத்தில் நிற்பதாலேயே அதற்கு இருக்கும் ஆற்றல், அதாவது நிலை ஆற்றல், 9.8 கோடி ஜூல்.

எவ்வளவு அது? டீயாகவே மாற்றிப் பார்ப்போம். 100 மில்லி தண்ணீரை 30 டிகிரியில் இருந்து கொதிக்க வைக்கச் சுமார் 29,000 ஜூல் போதும். அப்படியானால் அந்த லாரி மலை உச்சியில் 3,300 டீயைச் சுமந்துகொண்டு நிற்கிறது! பால், சர்க்கரை உங்கள் செலவு.

இப்போதுதான் எனக்குப் பிடித்த இடம். 30 கிலோமீட்டர் வேகத்தில் சமவெளியில் போகிற அதே லாரியை பிரேக் போட்டு நிறுத்தினால் எத்தனை டீ? வெறும் 12. ஆக, மலையில் பிரேக்குக்கு நிறுத்துவது பெரிய வேலையே இல்லை. வேகம் கூடாமல் பிடித்துக்கொண்டே வருவதுதான் வேலை. அந்த 3,300 டீயின் சூடும் எங்காவது போயாக வேண்டுமே!

ஒரு பங்கு டயருக்குப் போகும். சாய்தளத்தில் உராய்வு செய்யும் வேலையைக் கணக்கிட்டால் ஒரு வேடிக்கை: சரிவு எத்தனை டிகிரி என்பதே விடையில் வராது, கிடைமட்டமாக எவ்வளவு தூரம் நகர்ந்தோம் என்பது மட்டும்தான். அதனால்தான் கொண்டை ஊசி வளைவுகளுக்கு நான் ரசிகன். உயரம் அதேதான், ஆனால் பாதை நீள நீள டயர் வாங்கிக்கொள்ளும் பங்கு கூடுகிறது. சாலை 20 கிலோமீட்டர், உருளல் உராய்வுக் குணகம் (உருளும் டயரை இழுத்துப் பிடிக்கும் விசை எடையில் எத்தனை பங்கு என்பது) 0.01 என்று வைத்தால் டயர் கணக்கில் 670 டீ.

மீதி 2,600 சொச்சம்? எல்லாவற்றையும் பிரேக் தலையில் கட்டினால் சக்கரத்தோடு சுழலும் டிரம் சூடாகி விரியும், அதை உள்ளிருந்து அழுத்திப் பிடிக்கும் லைனருக்குப் பிடிமானம் குறையும். மிதித்தாலும் வண்டி நிற்காது. லைனர் கருகின வாடை வந்துவிட்டால் ஓரங்கட்டி, ஆறவிட்டுத்தான் எடுக்க வேண்டும். அவசரப்பட்டுத் தண்ணீர் ஊற்றாதீர்கள், டிரம் விரிசல் விடும்.

"ஏறின கியர்லயே இறங்கு" என்று பழைய டிரைவர் அண்ணன்மார் சொல்வது சுத்தமான இயற்பியல். சின்ன கியரில் இன்ஜின் வண்டியை இழுத்துப் பிடிக்கும், பெரும்பங்குச் சூடு ரேடியேட்டர் வழியாகவும் சைலன்சர் வழியாகவும் வெளியேறும். மெதுவாக இறங்கினால் மொத்தச் சூடு குறையாது, ஆறுவதற்கு நேரம் கிடைக்கும், அவ்வளவே. டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுகிறவர்களுக்கு ஒரு கும்பிடு: இப்போதைய வண்டிகளில் கியரில் இருந்தபடி ஆக்சிலேட்டரை விட்டாலே டீசல் நின்றுவிடும். நியூட்ரலில்தான் இன்ஜின் டீசல் குடித்துக்கொண்டிருக்கும்!

[காட்சி: பின்சக்கரத்துக்குக் கல் கொடுத்து நிற்கும் லாரி]

சரி, இந்தக் கல்? 10 டன்னைத் தாங்கினாலும் அது செய்யும் வேலை பூஜ்யம். நகர்ந்தால்தான் வேலை. பாவம், அதற்கு ஒரு டீகூடக் கிடையாது.

திரும்ப ஏறும்போது டயர் உராய்வு எதிராளியாகிவிடும்: 3,300 போக அந்த 670ஐயும் இன்ஜின்தான் கொடுக்க வேண்டும், ஏறத்தாழ 4,000 டீ. குமுளி, ஆரியங்காவு ஆட்கள் உங்கள் மலையின் உயரத்தைப் போட்டு, எத்தனை டீ என்று கமெண்டில் சொல்லுங்கள். கட்டஞ்சாயா (பால் இல்லாத டீ) கணக்கும் செல்லும்.