மேலே மிதந்த எண்ணெய்

அனைவருக்கும் வணக்கம். பீநட் பட்டர் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் வீட்டில் ஒரு கேள்வி வந்தது: "வேர்க்கடலையை வறுத்து அரைச்சா வந்துடும். அதுல பேச என்ன இருக்கு?"

நியாயமான கேள்விதான். ஆனால் அரைத்து வைத்துவிட்டு நாலு நாள் கழித்துத் திறந்து பாருங்கள். எண்ணெய் மேலே நிற்கும், அடியில் விழுது இறுகிக் கிடக்கும். கடலையில் ஏறக்குறைய பாதி எண்ணெய்தானே!

அரைத்தவர்கள் பலர். 1884இல் கனடாவின் மான்ட்ரியலைச் சேர்ந்த எட்சன் கடலை விழுதுக்குக் காப்புரிமை வாங்கினார். 1895இல் அமெரிக்க மருத்துவர் டாக்டர் கெல்லாக் விண்ணப்பித்தார். இறைச்சி வேண்டாம் என்ற அவருடைய பேட்டில் கிரீக் சானிடோரியம் என்ற நலவாழ்வு மருத்துவமனைக்கு அது தோதாக இருந்தது. அமெரிக்க வேளாண் விஞ்ஞானி கார்வர்தான் கண்டுபிடித்தார் என்று இன்றும் பலர் சொல்கிறார்கள். கடலைக்காக அவர் உழைத்தது உண்மை, ஆனால் 105 கடலைச் சமையல் குறிப்புகளோடு அவருடைய கையேடு வந்தது 1916இல்தான்.

சரி, அரைத்தாயிற்று. விற்பது எப்படி? அமெரிக்க மளிகைக் கடைகளில் பெரிய தொட்டியில் வைத்து, துடுப்பால் கிளறிக் கிளறி அளந்து கொடுத்தார்கள். மேலே நின்ற எண்ணெய் காற்றுப்பட்டுச் சிக்கு வாடை அடித்துவிடும். அதனால் தூர ஊருக்கு அனுப்ப முடியாது.

இங்கேதான் கலிபோர்னியாவின் ஜோசப் ரோஸ்ஃபீல்ட் வருகிறார். 1921இல் ஒரு காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். எண்ணெயில் ஒரு பங்கை ஹைட்ரஜன் ஏற்றிக் கெட்டியாக்குவது அவர் வழி; நம் சமையலறை மொழியில், கொஞ்சம் வனஸ்பதியாக்குவது. அந்தக் கெட்டிக் கொழுப்பு மிச்ச எண்ணெயைப் பிடித்து வைத்துக்கொண்டது. கிளற வேண்டாம், சீக்கிரம் கெடாது, ரொட்டியில் வழுக்கிக்கொண்டு பரவும். 1928இல் அந்த முறையில் செய்த பீநட் பட்டர் 'பீட்டர் பேன்' என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. அப்புறம் ரோஸ்ஃபீல்டே 'ஸ்கிப்பி' என்ற சொந்த பிராண்டைத் தொடங்கினார். இயந்திரத்தில் வெட்டிய ரொட்டி மிசௌரியில் விற்பனைக்கு வந்ததும் அதே 1928. கத்தியைத் தொடாமல் குழந்தையே சாண்ட்விச் செய்துகொள்ளலாம்! கூடவே 1930களின் பொருளாதார மந்தம். மலிவாகப் புரதம் கிடைத்தது. பிறகென்ன, வீட்டுக்கு வீடு அந்தப் பாட்டில்தான்.

ஆனால் வேறு எண்ணெயைக் கெட்டியாக்கிச் சேர்க்கலாம் என்றானதும், கடலையைக் குறைத்து அதைக் கூட்டலாமே என்ற ஆசை வராமல் இருக்குமா? 1959இல் அமெரிக்க உணவு மருந்துத் துறை 95 சதவீதம் கடலை வேண்டும் என்றது. கம்பெனிகள் 87 போதும் என்றன. ரூத் டெஸ்மண்ட் என்ற இல்லத்தரசி இதை முடிவுசெய்ய நடந்த விசாரணைகளுக்குத் தவறாமல் போய் உட்கார்ந்து கேள்வி கேட்டார். சாட்சியப் பதிவு மட்டும் 7,000 பக்கங்களுக்கு மேல். பன்னிரண்டு ஆண்டு இழுத்து, 1971இல் 90 சதவீதம் என்று நடைமுறைக்கு வந்தது.

இப்போது கடையில் 'நேச்சுரல்' என்று ஒரு வகை இருக்கிறது, பார்த்திருப்பீர்கள். மேலே எண்ணெய் மிதக்கிறது. 'கிளறிவிட்டுப் பயன்படுத்தவும்' என்று லேபிளில் போட்டிருக்கிறார்கள். பெரும்பாலும் விலையும் கூடுதல்.