எஃப்பிஜிஏவும் ஒரு கம்பெனி சிப்புதானே, அதை எப்படி நம்புறது?

சரி அடுத்த கேள்வி. எஃப்பிஜிஏ, அதாவது உள்ள என்ன சர்க்யூட் வேணும்னு நாமளே எழுதி ஏத்துற சிப்பு, அத வச்சு நாமளே ஒரு சிபியு கட்டுனா உள்ள நடக்குறது எல்லாத்தையும் நாமளே திறந்து பாக்கலாம்னு சொல்லியிருந்தேன்ல, அதுக்கு ஒரு தம்பி கேக்குறாரு, "அண்ணா, அந்த எஃப்பிஜிஏவும் யாரோ செஞ்ச சிப்புதானே, அதுக்குள்ளயே பேக்டோர், அதாவது திருட்டு வழி, வச்சிருந்தா என்ன பண்ணுவீங்க?"

வைக்கலாம் தம்பி, முடியாதுன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா எந்த இடத்துல வைப்பாங்க? ரெடிமேட் சிபியுன்னா ரிஜிஸ்டர் (சிபியு கைவசம் வச்சிருக்குற சின்ன மெமரி) எங்க இருக்கு, ரகசிய கீ எந்த வயர் வழியா போகுதுன்னு டிசைன் பண்ணவங்களுக்கு அச்சு பிசகாம தெரியும், அங்கயே பாத்து வச்சிரலாம். எஃப்பிஜிஏ அப்படி இல்ல, அது பிளாட் போட்டு வித்த காலி மனை மாதிரி, எந்த மனைல யாரு சமையக்கட்டு வைக்கப் போறாங்கன்னு வித்தவருக்கே தெரியாது. சர்க்யூட்டோட எந்தப் பாகம் சிப்புல எங்க உக்காரணும்னு முடிவு பண்ற நெக்ஸ்ட்பிஎன்ஆர்ங்கிற டூல்ல சீட் நம்பர (இடத்த குலுக்கிப் போட குடுக்குற ஆரம்ப எண்) மட்டும் மாத்தி திருப்பி ஓட்டுங்க, அதே சிபியுதான், ஆனா ரிஜிஸ்டர் எல்லாம் வேற வேற இடத்துல போய் உக்காந்திருக்கும். பன்னி ஹுவாங்ங்கிற ஹார்டுவேர் இன்ஜினியர் தன்னோட பிரிகர்சர்ங்கிற கையடக்க பாதுகாப்பு கருவிக்கு எஃப்பிஜிஏவ எடுத்ததுக்கும் இதுதான் முக்கியமான காரணம். ஆனா பிளாக் ராம் (சிப்புக்குள்ள ரெடியா இருக்குற மெமரி), வெளிய இணைக்குற பின் எல்லாம் இடம் மாறாது, அங்க உஷாரா இருக்கணும்.

இன்னொன்னு, பல பேரு இத விட்டுடுறாங்க. சர்க்யூட்ட எழுதுற வெரிலாக் கோடு ஓப்பனா இருந்தா மட்டும் பத்தாது, அத பிட்ஸ்ட்ரீமா, அதாவது சிப்புல ஏத்துற ஃபைலா மாத்துற டூலே நடுவுல எதையாவது சொருகலாம், புரோகிராம மெஷின் மொழிக்கு மாத்துற கம்பைலர்ல இத எப்படி செய்யலாம்னு யூனிக்ஸ உருவாக்குனவங்கள்ல ஒருத்தரான கென் தாம்சன் 1984லயே டூரிங் விருது உரையில சொல்லிட்டாரு. அதனாலதான் நான் லாட்டிஸ் கம்பெனியோட ஐஸ்40 எஃப்பிஜிஏவ விடாம சொல்றேன். 2015ல ஐஸ்ஸ்டார்ம்ங்கிற ஓப்பன் சோர்ஸ் புராஜெக்ட் காரங்க அதோட பிட்ஸ்ட்ரீம்ல எந்த பிட்டு என்ன பண்ணுதுன்னு பிரிச்சு மேஞ்சு எழுதி வச்சுட்டாங்க. ஐஸ்40ல ஹெச்எக்ஸ்1கேங்கிற சின்ன சிப்புக்கு மொத்த ஃபைலே சுமார் 32 கேபிதான். அவங்களோட ஐஸ்அன்பேக் டூல் போட்டு டெக்ஸ்ட்டா மாத்திட்டு, ஐஸ்பாக்ஸ் எக்ஸ்பிளைன் ஓட்டுனீங்கன்னா ஒவ்வொரு டைல்லயும் (சிப்ப பிரிச்சு வச்சிருக்குற கட்டம்) என்ன இருக்குன்னு தெரியும், ஒரு லாஜிக் டைலுக்கு எட்டு செல்லு, செல்லுக்கு ஒரு லட்டு (LUT, லுக்-அப் டேபிள்), ஒரு பிட்ட ஞாபகம் வச்சுக்குற ஒரு ஃபிளிப்ஃபிளாப்பு. லட்டுன்னா வெறும் 16 பிட்டு டேபிள், நாலு இன்புட் ஆண்ட் கேட்டுன்னா (நாலும் 1ஆ இருந்தா மட்டும் 1 தர்றது) அதுல ஒரே ஒரு இடத்துல 1, மிச்ச 15லயும் 0. கடையில வாங்குன சிபியுல இத பாக்கவே முடியாது தம்பி, எனக்கு இந்த ஒரு விஷயத்துக்காகவே இது பிடிக்கும்.

ஆரம்பிக்கிறவங்க பைகோஆர்வி32ங்கிற ஓப்பன் சோர்ஸ் சிபியு டிசைன எடுத்து, ஐஸ்40லயே பெருசான ஹெச்எக்ஸ்8கே போர்டுல போடுங்க, 7680 லட்டு இருக்கு, தாராளமா உக்காரும். லினக்ஸே ஓடணும்னா லாட்டிஸோட இன்னும் பெரிய எஃப்பிஜிஏவான ஈசிபி5 போர்டுக்கு போகணும், ஆனா மொதல்ல சின்னதுல ஒரு டைலயாவது நீங்களே பேப்பர்ல வரைஞ்சு வெரிலாக்கோட ஒத்துப் பாருங்க, அப்புறம் பெருசுக்கு போலாம்.