சிறு வாக்கியம் எல்லாம் நல்ல வாக்கியமா? கதையின் ஓசை பற்றிக் கொஞ்சம் பேசுவோம்

வணக்கம் மக்களே. இன்றைக்குக் கோபமும் சந்தோஷமும் சேர்ந்தே இருக்கிறது. கோபத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஒரு இதழுக்கு அனுப்பியிருந்தேனே, குழாயடிக் கதை, அதன் மெய்ப்பு, அதாவது அச்சுக்கு முன் சரிபார்க்க அனுப்பும் படி, வந்தது. திறந்தால், நீளமான வாக்கியங்களையெல்லாம் வெட்டித் துண்டு துண்டாக்கி வைத்திருக்கிறார்கள். ஓரத்தில் ஒரு குறிப்பு வேறு: சிறு வாக்கியம்தான் வாசிக்க எளிதாம்.

திரையில் பார்த்துத் திருத்துவது எனக்குப் பிடிக்காது, உங்களுக்குத் தெரியும். காகிதம் வேண்டும், பச்சைப் பேனா வேண்டும். அச்செடுக்கக் கடைக்குப் போனேன். அங்கேயிருந்து இன்னொரு கூத்து. வந்தது வேர்டு கோப்பு. அந்தக் கணினியில் அந்த எழுத்துரு இல்லை. ‘கொ’ இருக்கிற இடத்தில் எல்லாம் கொம்பு தனி, க தனி, கால் தனி, நடுவில் புள்ளி புள்ளியாக ஒரு வட்டம். பக்கத்துக்கு மூன்று ரூபாய். வட்டம் விழுந்த பக்கத்துக்கும் மூன்று ரூபாய்! படிக்கவே முடியாத காகிதத்துக்கு எதற்கு ஐயா காசு என்று கேட்டேன். மை செலவாகிவிட்டது என்கிறார். கடைசியில் என் கைபேசியிலேயே பிடிஎஃப் ஆக்கி அனுப்பினேன், சுத்தமாக வந்தது. தமிழில் அச்செடுப்பவர்கள் எல்லோருக்கும் சொல்கிறேன்: கடைக்கு வேர்டு கோப்பு கொண்டு போகவே போகாதீர்கள். பிடிஎஃப் என்றால் எழுத்துரு பெரும்பாலும் உள்ளேயே சேர்ந்து வந்துவிடும். பாதிப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார் அவர். அது எனக்குப் பெரிய வெற்றி.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நான் எழுதியது இது. கேளுங்கள்:

“விடியும் முன்பே எழுந்த செல்லம்மா, பிள்ளை விழித்துவிடாமல் தாழ்ப்பாளை நீக்கி, குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு குழாயடிக்கு வந்தபோது, அங்கே அதற்குள் பதினைந்து குடம் வரிசையில்.”

மெய்ப்பில் வந்தது இது:

“செல்லம்மா விடியும் முன்பே எழுந்தாள். தாழ்ப்பாளை நீக்கினாள். குடத்தை இடுப்பில் ஏற்றினாள். குழாயடிக்கு வந்தாள். அங்கே பதினைந்து குடங்கள் வரிசையில் வைக்கப்பட்டிருந்தன.”

எழுந்தாள், நீக்கினாள், ஏற்றினாள், வந்தாள். ஆள், ஆள், ஆள், ஆள். காதில் விழுகிறதா? தமிழில் வினைமுற்று பெரும்பாலும் வாக்கியத்தின் கடைசியில் வருகிறது. திணை, பால், எண், இடம் எல்லாம் அதன் வாலில் தொங்குகிறது. ஒரே ஆளைப் பற்றி ஐந்து சிறு வாக்கியம் எழுதினால் ஐந்துக்கும் அதே வால்தான். ஆங்கிலத்தில் வினை நடுவில் வந்துவிடும். வாக்கியம் எந்தச் சொல்லிலும் முடியலாம். அதனால் அங்கே சின்னச் சின்ன வாக்கியமாக எழுதினாலும் ஓசை மாறிக்கொண்டே இருக்கும். அந்த ஊர் அறிவுரையை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து தமிழ்க் கதை மேல் போட்டால் எப்படி? எனக்கு இதில் நிஜமாகவே எரிச்சல்.

அப்புறம் அந்த ‘வைக்கப்பட்டிருந்தன’. ஒரு குடம் வரிசையில் இருக்கிறது என்று சொல்ல இவ்வளவு பெரிய சொல்லா? வரிசையில் என்று நின்றாலே போதும். வினையே இல்லாமல் வாக்கியம் முடிகிற வசதி நம் மொழியில் உண்டு. ‘வெளியே இன்னும் இருட்டு.’ ‘குழாயடியில் நல்ல கூட்டம்.’ ‘அவள் கையில் ஒரு வாளி.’ நாலு வினைமுற்றுக்கு நடுவில் இப்படி ஒன்றை வைத்துப் பாருங்கள், பத்தியே மூச்சு விடும்.

நீள வாக்கியம் எல்லாமே அழகு என்றும் நான் சொல்லவில்லை. எழுந்து, திறந்து, எடுத்து, நடந்து, வந்து என்று ‘து’வாகவே அடுக்கினால் அதுவும் சலிப்புதான். எச்சத்தையும் மாற்றிப் போட வேண்டும். எழுந்ததும், திறக்காமல், எடுத்தபடி, வந்தபோது, நடக்க நடக்க. நம் கையில் எத்தனை இருக்கிறது பாருங்கள்! என் வாக்கியத்தில் எழுந்த, விழித்துவிடாமல், நீக்கி, ஏற்றிக்கொண்டு, வந்தபோது. ஒன்று போல இன்னொன்று இல்லை. அது தற்செயலாக வந்ததில்லை மக்களே, வாய்விட்டுப் படித்துப் படித்து வந்தது.

ஆங், ஒன்று விட்டுவிட்டேன். ‘பிள்ளை விழித்துவிடாமல்’ என்பதையே தூக்கிவிட்டார்கள்! துண்டாக்கும்போது அது எதிலும் ஒட்டவில்லை போல. கதையில் அவள் ஏன் மெதுவாகத் தாழ்ப்பாளை நீக்குகிறாள் என்பதே அந்த இரண்டு சொல்லில்தான் இருக்கிறது. ஓசையை வெட்டப் போய் பொருளும் சேர்ந்து போய்விட்டது.

எனக்குக் கொஞ்சமும் ஆகாத இன்னொன்று ‘கொண்டிருந்தான்’. போன வீடியோவிலும் புலம்பினேன். இந்த முறை மாத்திரைக் கணக்கோடு, அதாவது எழுத்தை ஒலிக்க ஆகும் நேரக் கணக்கோடு, வந்திருக்கிறேன். பள்ளியில் படித்ததுதான்: குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை. ‘பார்த்தான்’ ஐந்தரை மாத்திரை. ‘பார்த்துக்கொண்டிருந்தான்’ பதினொன்று. குற்றியலுகர நுணுக்கத்துக்குள் போகாமல் சொல்கிறேன். சரியாக இரண்டு மடங்கு! ஒருவன் ஜன்னலோரம் உட்கார்ந்து மணிக்கணக்காகப் பார்க்கிறான் என்றால் அந்தப் பதினொன்று பொருத்தம். சொல்லே அவனோடு உட்கார்ந்து பார்க்கும். சண்டைக் காட்சியில் ‘அடித்துக்கொண்டிருந்தான்’ என்று எழுதினால் அடி விழுவதற்குள் எதிராளி தெருவைத் தாண்டிவிடுவான்.

இதெல்லாம் புதுசு இல்லை. தொல்காப்பியச் செய்யுளியல் இருபது வண்ணம், அதாவது பாட்டின் ஓசை வகை, சொல்கிறது. வல்லெழுத்து மிகுந்தால் வல்லிசை வண்ணம், மெல்லெழுத்து மிகுந்தால் மெல்லிசை வண்ணம், நெட்டெழுத்து பயின்றால் நெடுஞ்சீர் வண்ணம், குற்றெழுத்து பயின்றால் குறுஞ்சீர் வண்ணம். அது செய்யுளுக்குச் சொன்னது. ஆனால் காது ஒன்றுதானே? “சட்டியைத் திட்டில் பட்டென்று வைத்தாள்.” ட்ட, ட்ட, ட்ட, கோபம் என்று நான் தனியாக எழுத வேண்டியதில்லை. “மாமன் மடியில் மெல்ல மெல்லக் கண் அயர்ந்தாள்.” இங்கே ம, ல, ன. இந்த இரண்டையும் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள், வாய் வேறு வேறு மாதிரி வேலை செய்யும்.

அளவு மட்டும் தப்பக் கூடாது. பத்தி முழுக்க மோனையாக இறைத்தால் செல்லம்மா காணாமல் போய்விடுவாள், எழுதினவர் மேடையேறி நிற்பார். அடுக்குமொழியை மேடையில் ரசித்துக் கைதட்டுகிறவள்தான் நான். கதைக்குள் வந்தால் பிடிக்காது.

எப்படிப் பழகுவது என்று போன நேரலையில் கேட்டிருந்தீர்கள். எழுதியதைக் கைபேசியில் பதிவு செய்யுங்கள். உடனே கேட்காதீர்கள்; மறுநாள், கையில் காகிதம் இல்லாமல் கேளுங்கள். எங்கே உங்கள் நாக்கு தடுக்கியதோ, எங்கே மூச்சு போதாமல் போனதோ, அங்கே பச்சை மை. முக்கியமாக, மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பதிவு செய்யுங்கள். அந்த உர்ர்ர் சத்தத்தில் ஒற்றெழுத்து காதில் விழாது. ‘அதை கொடு’வா, ‘அதைக் கொடு’வா என்று எப்படித் தெரியும்? இந்த வெயிலில் வேர்த்துக் கொட்டத்தான் செய்யும், பரவாயில்லை.

இன்னொரு வேலையும் செய்யுங்கள். ஒரு பக்கத்தில் ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசிச் சொல்லை மட்டும் வரிசையாக எழுதிப் பாருங்கள். அந்தப் பட்டியலே எல்லாவற்றையும் காட்டிவிடும். மெய்ப்பின் முதல் பக்கத்துக்கு அப்படித்தான் ஒரு பட்டியல் போட்டு, இரண்டு பத்தியையும் என் குரலிலேயே பதிவு செய்து ஆசிரியருக்கு அனுப்பினேன். சண்டை போடவில்லை, கேட்டுப் பாருங்கள் என்று மட்டும் எழுதினேன்.

இன்று காலையில் பதில் வந்துவிட்டது! நீள வாக்கியம் அப்படியே போகிறதாம். ‘பிள்ளை விழித்துவிடாமல்’ திரும்பி வந்துவிட்டது. வீட்டில் எல்லோருக்கும் கேசரி செய்து போட்டேன். ‘பதினைந்து குடம்’ மட்டும் இன்னும் இழுபறி. அவர்களுக்குக் ‘குடங்கள்’ வேண்டுமாம். எண் சொன்ன பிறகு ‘கள்’ எதற்கு? பேச்சில் யாராவது பதினைந்து குடங்கள் என்கிறார்களா? அதற்கு இன்றைக்கு ராத்திரி எழுதப் போகிறேன்.

உங்கள் கதையிலிருந்து ஒரு பத்தியைக் கீழே போடுங்கள், கடைசிச் சொல் பட்டியலோடு. அடுத்த வீடியோவில் அதில் சிலவற்றைச் சத்தமாகப் படிக்கிறேன். உரையாடலுக்குப் பின்னால் வருகிற ‘என்றான்’, ‘என்றாள்’ பற்றியும் அதில்தான்.