ரெபெக்காவின் முகவரி

நேயர்களுக்கு வணக்கம். ரெபெக்கா ஷேஃபர் என்ற அமெரிக்க நடிகையை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்காது. 21 வயதில் சுட்டுக் கொல்லப்பட்டவர்.

ஓரிகன் மாநிலத்துக்காரர், வீட்டுக்கு ஒரே பிள்ளை. யூத மதகுருவாக வேண்டும் என்றுதான் முதலில் ஆசைப்பட்டாராம். அப்புறம் மாடலிங், நியூயார்க் என்று போய், 1986-இல் 'மை சிஸ்டர் சாம்' தொலைக்காட்சித் தொடரில் பாம் டாபருக்குத் தங்கையாக நடித்தார். துறுதுறுவென்ற அந்தத் தங்கை வேடம்தான் அவரை வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்தது.

டூசான் நகரிலிருந்து ஓர் இளைஞன் எழுதிய ரசிகர் கடிதத்துக்கு ரெபெக்கா பதில் போட்டார். அவன் பெயரை நான் சொல்லப் போவதில்லை; வேண்டிய அளவுக்கு மேலேயே அது அச்சாகிவிட்டது. அந்தப் பதிலை வைத்துக்கொண்டு அவன் தனக்குள் ஓர் உறவையே வளர்த்துக்கொண்டான். ஸ்டுடியோவுக்குப் போனான், காவலர்கள் திருப்பி அனுப்பினார்கள். பிறகு வீட்டைத் தேட ஆரம்பித்தான்.

எனக்கு ஆத்திரம் வருவது இந்த இடத்தில்தான். ஒரு தனியார் துப்பறிவாளருக்குப் பணம் கொடுத்தான். கலிஃபோர்னியா மோட்டார் வாகனத் துறையின், அதாவது நம் ஆர்.டி.ஓ. ஆபீஸ் மாதிரியான ஓர் அலுவலகத்தின், பதிவேட்டிலிருந்து முகவரி வந்து சேர்ந்தது. பூட்டை உடைக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. 1982-இல் தெரசா சல்தானா என்ற நடிகையைக் கத்தியால் குத்தியவனும் துப்பறிவாளர் உதவியோடுதான் அவரைத் தேடிப் பிடித்திருந்தான். சல்தானா பிழைத்துக்கொண்டார். ஏழு வருடம் கழித்தும் அந்த வழி அடைபடாமலே கிடந்தது.

1989 ஜூலை 18, லாஸ் ஏஞ்சல்ஸ். 'காட்ஃபாதர்' மூன்றாம் பாகத்துக்கான நடிகர் தேர்வுக்கு ரெபெக்கா தயாராகிக்கொண்டிருந்தார். மணி அடித்தது. வந்தவனிடம் பேசிவிட்டு, இனி இங்கே வரவேண்டாம் என்று சொல்லி அனுப்பினார். ஒரு மணி நேரம் போல இருக்கும், மறுபடியும் மணி. கதவைத் திறந்தவரைச் சுட்டுவிட்டான்.

அடுத்த வருடமே கலிஃபோர்னியா, பின்தொடர்ந்து மிரட்டுவதைத் தனிக் குற்றமாக்கியது. அமெரிக்காவில் அப்படி ஒரு சட்டம் வந்தது அதுதான் முதல்முறை. மற்ற மாநிலங்களும் பின்னாலேயே வந்தன. பாம் டாபரும் தொடரின் மற்ற நடிகர்களும் துப்பாக்கி வன்முறைக்கு எதிரான விளம்பரம் ஒன்றில் நடித்தார்கள்.

ஓட்டுநர் பதிவேட்டு விவரங்களைப் பாதுகாக்கும் கூட்டாட்சிச் சட்டம் 1994-இல் வந்தது. அதிலும் விதிவிலக்குகள் உண்டு. உரிமம் பெற்ற துப்பறிவாளர்கள், அனுமதிக்கப்பட்ட காரணங்களுக்காக அந்த விவரங்களை இன்றும் பெறலாம். அந்த வாசலை இன்னும் குறுக்க வேண்டும் என்பதே என் கருத்து.

நன்றி, வணக்கம்.