ஜி.ஹெச்.சின் பழைய வார்டுகளை இடித்தது சரிதான்

நடுவர் அவர்களுக்கும், எதிரணி நண்பர்களுக்கும், முன்னால் உட்கார்ந்திருக்கும் எல்லோருக்கும் வணக்கம். பழைய அரசு மருத்துவமனைகளைப் புதுப்பிக்கும்போது கட்டடத்தைக் காப்பாற்ற வேண்டுமா, இடித்துக் கட்ட வேண்டுமா என்பதுதான் இன்றைய கேள்வி. நான் இடித்துக் கட்டலாம் என்ற பக்கம்.

எதிரணித் தலைவர் சென்னை ஜி.ஹெச்.சை, அதாவது அரசு பொது மருத்துவமனையை, எடுத்துக்கொண்டார். 2000-களின் தொடக்கத்தில் அங்கே பழைய வார்டுகளை இடித்து டவர் பிளாக்குகளை எழுப்பினார்களே, அதோடு முந்நூறு வருஷத்து வரலாறு மண்ணோடு மண்ணாகப் போய்விட்டது என்றார். சொல்லும்போது அவர் குரல் கம்மியது, அந்த வருத்தம் உண்மையானது என்று எனக்கும் தெரிகிறது. ஆனால் நண்பரே, முந்நூறு வருஷம் என்பது எந்தக் கட்டடத்தின் வயது?

1664 நவம்பர் 16-ல் அந்த ஆஸ்பத்திரி தொடங்கியது புனித ஜார்ஜ் கோட்டைக்குள்ளே, கோட்டையை நிர்வகித்த எட்வர்ட் வின்டர் காலத்தில், கிழக்கிந்தியக் கம்பெனியின் சிப்பாய்கள் நோயில் விழுந்தால் படுக்க வைப்பதற்காக. அப்புறம் கோட்டைக்குள்ளேயே வேறு இடத்துக்குப் போனது. பிரெஞ்சுக்காரர்களோடு நடந்த சண்டைக்குப் பிறகு கோட்டையை விட்டே வெளியே வந்து, நிலையான இடம் இல்லாமல் அலைந்து, 1772-ல்தான் இப்போது சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு எதிரே இருக்கும் இடத்தில் உட்கார்ந்தது. பிறந்து நூறு வருஷத்துக்கு மேல் நிலையான கூரை இல்லாத ஒரு ஆஸ்பத்திரி அது! ஒவ்வொரு முறை இடம் மாறும்போதும் "பழைய சுவரை விட்டுப் போக மாட்டோம்" என்று யாராவது பிடிவாதம் பிடித்திருந்தால் ஜி.ஹெச். இன்னும் கோட்டைக்குள்தான் இருந்திருக்கும்.

அந்த இடத்தின் பெருமை எது என்று என்னைக் கேட்டால், வெள்ளைக்காரச் சிப்பாய்க்கென்று தொடங்கியது நம்மவர்களுக்கும் திறந்ததே, அதைச் சொல்வேன். 1835-ல் அதை ஒட்டி மருத்துவப் பள்ளி வந்தது. 1875-லேயே மேரி ஷார்லிப் என்ற பெண் அங்கே படிக்கச் சேர்ந்தார், 1912-ல் முத்துலட்சுமி ரெட்டி டாக்டராகி வெளியே வந்தார். இதெல்லாம் எந்த வார்டின் தூணில் இருக்கிறது?

வட சென்னைக்காரர்கள் இங்கே இருந்தால் அவர்களுக்கு நான் சொல்லவே வேண்டாம். ஸ்டான்லி ஆஸ்பத்திரியைப் பெரியவர்கள் இன்னமும் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றுதான் சொல்கிறார்கள். 1782-ல் ஹைதர் அலி படையெடுப்பு, பஞ்சம், பட்டணத்துக்கு ஓடிவந்த ஜனங்களுக்குக் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரம், அதிலிருந்து முளைத்ததுதான் அந்த ஆஸ்பத்திரி. கஞ்சி ஊற்றிய தொட்டியை இன்று யாரும் பார்த்ததில்லை, பெயர் மட்டும் இரண்டு நூற்றாண்டுக்கு மேல் வாயிலிருந்து வாய்க்கு வந்துகொண்டே இருக்கிறது.

சரி, எதிரணியின் இன்னொரு வாதம். உயரமான கூரை, கனமான சுண்ணாம்புச் சுவர், இருபக்கமும் ஜன்னல், காற்று தாராளமாக வரும் என்றார்கள். ஒப்புக்கொள்கிறேன். மாத்திரையே இல்லாத காலத்தில் காசநோயாளிக்கு அந்தக் காற்றுதான் மருந்து, கட்டியவர்கள் தெரிந்துதான் கட்டினார்கள். ஆனால் இன்றைய வார்டுக்கு ஒவ்வொரு கட்டிலுக்கும் ஆக்சிஜன் குழாய் வேண்டும், ஐ.சி.யூ. வேண்டும், கட்டிலோடு நோயாளியை ஏற்றும் லிஃப்ட் வேண்டும், தீப்பிடித்தால் எல்லோரையும் இறக்க அகலமான வழி வேண்டும். தேக்குச் சட்டத்தின் மேல் செங்கல் அடுக்கிய மெட்ராஸ் டெரஸ் தளம் இந்தப் பாரத்தையெல்லாம் தாங்கும் என்று எண்ணிக் கட்டியதில்லை. அருங்காட்சியகமாக்கலாம், அலுவலகமாக்கலாம். மருத்துவக் கல்லூரியின் சிவப்புக் கட்டடம் 1897-ல் கட்டியது, அதை வைத்திருக்கிறார்கள், வைத்திருக்கத்தான் வேண்டும். அங்கே யாரும் மூச்சுக்குத் திணறிக்கொண்டு படுத்திருக்கவில்லை.

இப்போது என் வீட்டுக் கதை ஒன்று. ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம், மாவட்டத்தில் ஒரு பழைய அரசு மருத்துவமனை, அழகான கட்டடம், வளைவு வளைவாக வராந்தா. அப்பா கிணற்றடியில் வழுக்கி இடுப்பு எலும்பு முறிந்து மாடி வார்டில் கிடந்தார். எக்ஸ்ரே எடுக்க முற்றத்தைத் தாண்டி எதிர்க் கட்டடத்துக்குப் போக வேண்டும், லிஃப்ட் கிடையாது. நான்கு பேர் ஸ்ட்ரெச்சரைத் தூக்கிக்கொண்டு படியில் இறங்க, நான் ட்ரிப்ஸ் பாட்டிலைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு கூடவே இறங்கினேன். திருப்பம் குறுகல், ஸ்ட்ரெச்சரைச் சாய்த்தால்தான் திரும்பும். சாய்த்த நேரத்தில் என் கை கொஞ்சம் தாழ்ந்துவிட்டது, குழாயில் ரத்தம் மேலே ஏறுவதைப் பார்த்தேன். கீழே வந்தால் மழை. அப்பாவின் மேல் என் துண்டைப் போர்த்தி முற்றத்தைக் கடந்தோம். திரும்ப அதே படியில் ஏற்ற வேண்டுமே என்ற நினைப்புதான் எக்ஸ்ரே முடியும்வரை எனக்கு.

அந்த நான்கு பேரில் இரண்டு பேர்தான் ஊழியர்கள். மற்ற இரண்டு பேர் பக்கத்துக் கட்டில்காரர்களுக்குத் துணைக்கு வந்தவர்கள், இன்னும் நன்றியோடு நினைக்கிறேன்.

இடிப்பதற்கு முன்னால் ஒவ்வொரு அறையையும் அளந்து வரைந்து, படமெடுத்து, கல்வெட்டுகளைப் பத்திரப்படுத்த வேண்டும் என்று எதிரணி கேட்டால் நானும் சேர்ந்து கேட்கிறேன். அதைச் செய்யாமல் புல்டோசரை விடுவது தப்பு. ஆனால் நோயாளியை உள்ளே வைத்துக்கொண்டு சுவரைக் காப்பாற்றாதீர்கள்.

மணி அடித்துவிட்டது, ஒரு நிமிஷம் நடுவர் அவர்களே. எதிரணி நண்பர் பழைய ஆஸ்பத்திரிகளின் தேக்குக் கைப்பிடிகளைப் பற்றி உருக்கமாகப் பேசினார். நான் சொன்ன படிக்கட்டிலும் தேக்குக் கைப்பிடிதான், நூறு வருஷம் கை பட்டு வழுவழுவென்று இருந்தது. அந்தத் திருப்பத்தில் ஸ்ட்ரெச்சர் சாய்ந்தபோது அப்பா பயத்தில் அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டார், விடவே இல்லை. அட்டெண்டர் "ஒண்ணும் ஆகாது பெரியவரே" என்று சொல்லிச் சொல்லி ஒவ்வொரு விரலாகப் பிரித்தெடுத்தார்.

நன்றி, வணக்கம்.