ஸ்டேஷன் கதவுல தொங்கின பச்சை வளையம்

எல்லாருக்கும் வணக்கம். டிசம்பர் கூட்டத்துல ஏதாவது பேசுங்கக்கான்னு கேட்டாங்க, தலைப்பு உங்க இஷ்டம்னாங்க, சரின்னு ரொம்ப நாளா மனசுல கிடக்கிற ஒண்ணையே எடுத்துக்கிட்டேன். இங்க லாங் ஐலண்ட்ல, பொதுவா நியூயார்க் சுத்துவட்டாரத்துல, தினம் வேலைக்குப் போய்ட்டு வர்ற ஜனங்க நிக்கிற சின்ன சின்ன ரயில்வே ஸ்டேஷன்கள்ல கிறிஸ்மஸுக்கு ஜோடிச்சு வைப்பாங்களே, அதைப் பத்தித்தான் பேசப் போறேன். மன்ஹாட்டன்ல இருக்கிற பெரிய ஸ்டேஷன் க்ராண்ட் சென்ட்ரல்ல இப்பவும் ஜோரா வைக்கிறாங்க, நாமும் குழந்தைங்களைக் கூட்டிட்டுப் போய் போட்டோ எடுக்கிறோம். சின்ன ஸ்டேஷன்கள்ல அது முக்கால்வாசி போயிருச்சு. ஏன் போச்சுங்கறதுக்கு எனக்குன்னு ஒரு பதில் இருக்கு, அதைச் சொல்லத்தான் மேடைக்கு வந்தேன்.

முதல்ல இந்த இருட்டைப் பத்திக் கொஞ்சம் சொல்லணும். டிசம்பர்ல இங்க சாயங்காலம் நாலரைக்கே சூரியன் இறங்கிருது. அஞ்சரை மணி ட்ரெயினைப் பிடிச்சா வழி முழுக்க கண்ணாடியில நம்ம மூஞ்சிதான் தெரியும், வெளிய ஒண்ணும் தெரியாது, எந்த ஸ்டேஷன் வருதுன்னு கண்டக்டர் சொன்னாத்தான் உண்டு. அப்படி ஒரு இருட்டுல பிளாட்பாரத்துக் கூரையோட விளிம்புல வரிசையா சிவப்பு பச்சை நீலம்னு பல்பு எரிஞ்சா அது என்ன பண்ணும்னு அனுபவிச்சவங்களுக்குத் தெரியும். ஊர்ல இருந்து வந்த புதுசுல, குளிர் பழகாத காலத்துல, மத்தியானமே ராத்திரி ஆயிருதேன்னு எனக்கு அழுகையா வரும். அந்த விளக்கு வரிசையைப் பார்த்தா, வீடு வந்தாச்சுன்னு நெஞ்சு லேசாகும். நான் கிறிஸ்தவப் பொண்ணு இல்ல. ஆனாலும் அந்த விளக்கு எனக்கும் சேர்த்துத்தான் எரிஞ்சுச்சு, இதை நான் மனசாரச் சொல்றேன்.

எண்பதுகளோட கடைசியில நாங்க குடியிருந்தது லாங் ஐலண்டோட வடகரைப் பக்கம், ஹன்டிங்டன்ங்கற ஊருக்கு அந்தாண்ட. அந்த லைன்ல மின்சார ரயில் ஹன்டிங்டனோட நின்னுரும், அதுக்கு மேல டீசல் வண்டிதான். எங்க ஸ்டேஷன் ஒரு மரக் கட்டிடம், உள்ள ஒரு காத்திருக்கிற அறை, நீள பெஞ்சு, ரேடியேட்டர், மூலையில டிக்கெட் ஜன்னல். ஜன்னலுக்குப் பின்னாடி காலையில உட்கார்ந்திருக்கிற பெரியவர்தான் அந்த ஸ்டேஷனே. நவம்பர் கடைசியில தேங்க்ஸ்கிவிங் பண்டிகை முடிஞ்ச வாரம் ஒரு அட்டைப்பெட்டியோட வருவார். உள்ள பழைய பல்பு சரம் இருக்கும், இப்ப கிடைக்கிற எல்ஈடி மாதிரி பொடிப்பொடியா இருக்காது, மொளகா சைஸுக்கு ஒவ்வொண்ணும், கண்ணாடி மேல பூசின கலர் அங்கங்க உரிஞ்சு வெள்ளை வெளிச்சம் எட்டிப் பார்க்கும். ஒரு சரத்துக்கு எட்டு பல்பு, தொடரா கோர்த்தது, 120 வோல்ட்டை எட்டும் 15, 15ஆ பங்கு போட்டுக்கும், அதனால ஒண்ணு செத்தா எட்டும் அணைஞ்சிரும். எது செத்ததுன்னு பார்த்தாத் தெரியாது. அவர் ஒரு நல்ல பல்பைக் கையில வச்சுக்கிட்டு, முதல் பல்பைக் கழட்டி இதை மாட்டுவார், எரியலையா, பழசைத் திரும்பப் போட்டுட்டு அடுத்ததுக்குப் போவார், நடுவுல யாராவது டிக்கெட் கேட்டா ஜன்னலுக்குப் போய் கொடுத்துட்டு வந்து விட்ட இடத்துல இருந்து தொடங்குவார். ட்ரெயினுக்கு நிக்கிறவங்க எல்லாரும் பார்த்துக்கிட்டே நிப்போம், எட்டும் சேர்ந்து எரியறப்ப ஒரு அம்மா கை தட்டுவாங்க. கதவுக்கு பைன் இலையில வளையமா கட்டின ரீத், சிவப்பு ரிப்பன் வச்சு, அதை அவர் வீட்டம்மா கட்டி அனுப்புவாங்களாம். அந்தக் கதவைத் திறந்தாலே பைன் வாசமும் ரேடியேட்டர் சூடும் சேர்ந்து மூக்குல ஏறும்.

இப்ப கவனிங்க, இதை எந்த ஆபீஸும் அவருக்கு உத்தரவு போட்டுச் செய்யச் சொல்லல. பெட்டி அவரோடது, ரிப்பன் அவர் காசு. ஒரு இடத்துல தினம் உட்கார்ற மனுஷன் அந்த இடத்தை அழகாக்கணும்னு நினைச்சார், அவ்வளவுதான். என் பதிலோட பாதி இதுலயே இருக்கு.

பெரிய ஸ்டேஷன் கதையும் இதேதான். க்ராண்ட் சென்ட்ரல் 1913ல திறந்தது, மாளிகை மாதிரி கட்டிடம், கம்பெனிக்குப் பணத்துக்குப் பஞ்சமில்ல. ஆனா அங்க கிறிஸ்மஸுன்னா ஒரு காலத்துல ஜனங்க நினைச்சது மேரி லீ ரீட்னு ஒரு அம்மாவைத்தான். 1928ல அவங்க தானா முன்வந்து, வடக்குப் பக்க மாடத்துல உட்கார்ந்து ஆர்கன்ல பண்டிகைப் பாட்டு வாசிக்க ஆரம்பிச்சாங்க. பயணிகள் நின்னு கேட்டாங்க, சேர்ந்து பாடினாங்க, அப்புறம்தான் ரயில்வேக்காரங்க சம்பளம் கொடுத்து வருஷா வருஷம் கூப்பிட்டாங்க. கிட்டத்தட்ட 30 வருஷம் ஆர்கன் வாசிச்சாங்க. பேர்ல் ஹார்பர் தாக்குதல் நடந்த சமயம் அவங்க அமெரிக்க தேசிய கீதத்தை வாசிச்சப்ப, அந்த அவ்ளோ பெரிய ஹால்ல ஓடிக்கிட்டிருந்த அத்தனை பேரும் அசையாம நின்னுட்டாங்களாம், ட்ரெயின் தவறிப் போகுதுன்னு ஸ்டேஷன் மாஸ்டர் வந்து அம்மா இனிமே அதை மட்டும் வாசிக்காதீங்கன்னு கேட்டுக்கிட்டாராம். எனக்கு இந்தக் கதையில பிடிச்சது அந்த ஆரம்பம்தான். ஒருத்தங்க சும்மா வந்து உட்கார்ந்தாங்க, அது முப்பது வருஷ வழக்கமாச்சு.

அப்புறம் 1950ல இருந்து 1990 வரைக்கும் அதே ஹால்ல கிழக்குப் பக்கம் கோடாக் கம்பெனியோட கலரமா இருந்துச்சு. 18 அடி உயரம், 60 அடி அகலம், பின்னாடி விளக்குப் போட்ட ஒரே ஒரு கலர் போட்டோ, சில வாரத்துக்கு ஒருதடவை மாத்துவாங்க. என் ஆபீஸ் 42ஆவது தெருப் பக்கம், அதனால லஞ்ச் நேரத்துல குளிருக்கு ஒதுங்க உள்ள போவேன், அதோட கடைசி வருஷங்களை நான் பார்த்திருக்கேன். விளம்பரம்தான், யாரும் இல்லைன்னு சொல்லல, ஆனா பனி கொட்டற நாள்ல அந்த வெளிச்சத்துக்குக் கீழ நிக்கிறது தனி சுகம். அதை எடுத்ததும் பின்னாடி மறைஞ்சிருந்த ஜன்னல்ல இருந்து வெயில் உள்ள வந்துச்சு, 1998ல புதுப்பிச்சு முடிச்சப்ப அந்தப் பக்கம் புதுசா படிக்கட்டும் வந்துச்சு, கட்டிடத்துக்கு அது நல்லதுதான். இப்ப அங்க ட்ரான்ஸிட் மியூசியத்துக்காரங்க கிறிஸ்மஸுக்கு லயனல் பொம்மை ரயில் ஓட்டிக் காட்டறாங்க, குட்டி க்ராண்ட் சென்ட்ரல்ல இருந்து குட்டி வண்டி கிளம்பிப் போகும், போகாதவங்க இந்த மாசமே போயிட்டு வாங்க. லயனல் 1900ல நியூயார்க்ல பிறந்த கம்பெனி, முதல் வண்டி பொம்மையாவே செய்யலங்க, கடை ஜன்னல்ல ஆளை இழுக்கறதுக்காகச் செஞ்சது, ஜனங்க உள்ள வந்து அந்த வண்டியையே விலைக்குக் கேட்டாங்க. அதுக்கப்புறம்தான் கிறிஸ்மஸ் மரத்தடியில தண்டவாளம் போட்டு ரயில் ஓட்டறது இந்த நாட்டுல வீட்டுக்கு வீடு வந்துச்சு.

சரி, சின்ன ஸ்டேஷனுக்கு வர்றேன். ஏன் போச்சு? சிலர் மதம்தான் காரணம், கோர்ட் தடுத்துருச்சும்பாங்க. அது அரைகுறையா சொல்றது. இந்த ரயிலெல்லாம் ஒரு காலத்துல தனியார், லாங் ஐலண்ட் ரயில்ரோட் 1834ல ஆரம்பிச்ச கம்பெனி, 1966லதான் மாநிலத்து கைக்கு வந்துச்சு. அரசாங்க இடம்னு ஆனதும் கேள்வி வரத்தான் செய்யும். 1984ல சுப்ரீம் கோர்ட் என்ன சொல்லுச்சுன்னா, சான்டா, மரம், மான் வண்டின்னு மத்த ஜோடனையோட கலந்து இயேசு பிறந்த குடிலை வச்சா தப்பில்லைன்னு சொல்லுச்சு. 1989ல இன்னொரு வழக்குல, கோர்ட் கட்டிடத்து மாடிப்படியில குடிலை மட்டும் தனியா வச்சது தப்பு, ஆனா மரத்துப் பக்கத்துல யூதர்களோட மெனோரா விளக்கை வச்சது சரின்னு சொல்லுச்சு. ஆக மரத்தையோ ரீத்தையோ பல்பையோ யாரும் தடுக்கல. அந்தத் தீர்ப்பால மரமும் மெனோராவும் பக்கத்துல பக்கத்துல நிக்க ஆரம்பிச்சது எனக்குப் பிடிச்சுத்தான் இருக்கு, இத்தனை விதமான ஜனங்க ஏறி இறங்கற இடத்துக்கு அதுதான் பொருத்தம்.

தீயணைப்பு விதி இறுகினது உண்மையான காரணம். வெட்டின பைன் மரம் காய்ஞ்சா எப்படிப் பத்திக்கும்னு பார்த்தவங்களுக்குத் தெரியும், பொது இடத்துல நிஜ மரம் வைக்க நிறைய ஊர்ல அனுமதி கிடையாது, அதை நான் குறை சொல்ல மாட்டேன், உயிர் முக்கியம்.

ஆனா எல்லாத்தையும் விடப் பெரிய காரணம் அந்த ஜன்னல்தாங்க. டிக்கெட் மெஷின் வந்துச்சு, அப்புறம் 2016ல போன்லயே டிக்கெட் வந்துச்சு, ஸ்டேஷன் ஸ்டேஷனா ஜன்னல் மூடிச்சு. கணக்குப் பார்த்தா நியாயம்தான், மெஷின் ராத்திரி ரெண்டு மணிக்கும் டிக்கெட் கொடுக்கும், நானும் போன்லதான் வாங்கறேன். ஆனா ஜன்னல்ல ஆள் இல்லாம போனதும் காத்திருக்கிற அறையைத் திறக்க ஆள் இல்ல, ரேடியேட்டர் பக்கத்துல பெட்டி வைக்க இடம் இல்ல, சரத்தை ராத்திரி அணைச்சுட்டு காலையில போட ஆள் இல்ல. மெஷினுக்கு யாரு ரிப்பன் கட்டுவா? ஜோடனைங்கறது அந்த இடத்துல ஒரு மனுஷன் இருக்கார்ங்கறதுக்கு அடையாளமா இருந்துச்சு, அந்த மனுஷன் போனதும் அதுவும் போச்சு. கிறிஸ்மஸ் மேல ஜனங்களுக்கு ஆசை குறைஞ்சதா எனக்குத் தெரியல, தெருவுக்குத் தெரு வீட்டு வாசல்ல பாருங்க, எவ்ளோ செலவு பண்றாங்க, முற்றத்துல ஆளுயர பலூன் சான்டா நிக்கிறார். ஸ்டேஷன் மட்டும் யாரோட வாசலும் இல்லாம போயிருச்சு.

அதனாலதான் சிகாகோ பக்கம் விஷயம் கொஞ்சம் வேற. அங்க மெட்ராங்கற புறநகர் ரயில் லைன்கள்ல நிறைய ஸ்டேஷன் கட்டிடத்தைப் பார்த்துக்கறது அந்தந்த ஊர் நிர்வாகம். ஊர்க்காரங்க பொறுப்புன்னு ஆயிட்டா, மெயின் ஸ்ட்ரீட் விளக்குக் கம்பத்துக்கு ரீத் கட்ட ஏணியோட வர்ற ஆளு அப்படியே ஸ்டேஷன் கதவுக்கும் ஒண்ணு கட்டிட்டுப் போறது சுலபம். அதே சிகாகோவுல நகர ரயில்ல 1992ல இருந்து ஹாலிடே ட்ரெயின் ஓடுது, திறந்த வண்டியில சான்டா உட்கார்ந்து வருவார், பெட்டி முழுக்க விளக்கு, ஆரம்பத்துல அது உணவுப் பொருளை இல்லாதவங்களுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கத்தான் ஓடுச்சு. இங்க நியூயார்க் சப்வேல டிசம்பர் வாரக்கடைசியில 1930கள் காலத்துப் பழைய பெட்டிகளை எடுத்து ஓட்டறாங்க, பிரம்பு சீட்டு, மேல ஃபேன், குண்டு பல்பு, ஜனங்க அந்தக் காலத்து உடுப்பு போட்டுக்கிட்டு வந்து நிக்கிறாங்க. இவ்ளோ பேருக்கு ஏக்கம் இருக்கு பாருங்க. ஏங்கறதுக்கு ஆள் இருக்கு, கட்டறதுக்குத்தான் ஆள் வேணும்.

இதுக்காகத்தான் நான் இன்னைக்கு இதைப் பேசணும்னு நினைச்சது. நம்ம சங்கத்துல இத்தனை குடும்பம் இருக்கோம், பாதிப் பேருக்கு மேல காலையில அந்த பிளாட்பாரத்துல நிக்கிறவங்க. பொங்கலுக்கு மண்டபம் ஜோடிக்கத் தோரணம் கட்ட நமக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்ல. ஸ்டேஷன்ல ஒரு ஆணி அடிக்கறதுக்கும் அனுமதி வேணும், அதை முறையா எழுதிக் கேட்கணும், டவுன் ஆபீஸ்ல நான் விசாரிச்சுட்டேன், கடிதத்தைக் கொண்டாங்க, பேசலாம்னுதான் சொல்றாங்க. நிஜ இலை வேண்டாம், தீப்பிடிக்காத செயற்கை ரீத்தாப் பார்த்து வாங்குவோம், பேட்டரியில எரியற எல்ஈடி சரம் போதும், பண்டிகை முடிஞ்சதும் நாமே கழட்டிப் பத்திரமா எடுத்து வச்சிருவோம், அடுத்த வருஷத்துக்கு ஆகும். இன்னொண்ணு, வருஷம் ஒரு தடவை கட்டிட்டு விட்டுட்டுப் போனா பிரயோஜனம் இல்ல, பல்பு செத்தா மாத்தணும், காத்துல சாஞ்சா நிமிர்த்தணும், தினம் அந்த ஸ்டேஷன்ல ஏறுறவங்கதான் அதைப் பார்த்துக்க முடியும்.

கடிதம் தயாரா கொண்டு வந்திருக்கேன், டீ வச்சிருக்கிற மேசையில இருக்கு, அவங்கவங்க ஏறுற ஸ்டேஷன் பேரையும் சேர்த்து எழுதிக் கையெழுத்துப் போடுங்க. ஏணி எங்க வீட்ல இருக்கு. அனுமதி வந்த மறு சனிக்கிழமை காலையில வர முடிஞ்சவங்க, குழந்தைங்களையும் கூட்டிட்டு வாங்க. நன்றி, வணக்கம்.