காலையில் பிடிக்காத பழைய டீசல்

நேயர்களுக்கு வணக்கம்.

பழைய டீசல் பிக்கப் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கமாக இருக்கும். நேற்று மாலை வரை நன்றாக ஓடிய வண்டி. காலையில் சாவியைத் திருப்பினால் செல்ஃப் சுற்றுகிறது, இன்ஜின் பிடிக்கவில்லை. விட்டுவிட்டு நாலைந்து முறை அடித்த பிறகு ஒரு சிலிண்டர் இருமுகிறது, அப்புறம் இன்னொன்று. கடைசியில் புகையைக் கக்கி, நடுங்கிக்கொண்டே ஓட ஆரம்பிக்கிறது. பத்து நிமிடம் ஓடிவிட்டால் அன்றைக்கு முழுவதும் ஒரு குறையும் இல்லை. பக்கத்தில் நிற்பவர் யாராவது, "கம்ப்ரஷன் போச்சு, இன்ஜினை இறக்கிடலாம்" என்பார். அந்தப் பேச்சை நம்பி இன்ஜினைப் பிரிப்பதற்கு முன்னால் ஒரு நாள் பொறுங்கள் என்று கேட்டுக்கொள்ளத்தான் வந்திருக்கிறேன்.

கம்ப்யூட்டர் இல்லாத, மெக்கானிக்கல் பம்ப் வைத்த இன்ஜின்களைப் பற்றித்தான் சொல்கிறேன். டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. பிஸ்டன் காற்றை ஏறக்குறைய 20-இல் ஒரு பங்காக நசுக்குகிறது. இதைத்தான் கம்ப்ரஷன் என்கிறார்கள். நசுங்கிய காற்று 500 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாகிறது. அதில் டீசலைத் தெளித்தால் தானே பற்றிக்கொள்ளும். ஆக, போதிய சூடும் டீசலும் வந்து சேர்ந்தால் இன்ஜின் ஓடியே ஆக வேண்டும். இரண்டில் எது வரவில்லை என்று கண்டுபிடிக்கக் கருவி வேண்டாம். ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லிவிட்டுச் சைலன்சர் பக்கம் நின்று பாருங்கள். வெள்ளைப் புகை வந்தால் டீசல் உள்ளே போகிறது, எரியவில்லை என்று அர்த்தம். புகையே இல்லையா? டீசல் சிலிண்டர் வரைக்கும் போகவே இல்லை.

புகை இல்லாத வண்டியில் நான் முதலில் சந்தேகப்படுவது காற்றை. "ஏர் எடுக்குது" என்று மெக்கானிக்குகள் சொல்வார்களே, அதுதான். டேங்கிலிருந்து பம்ப் வரும் வரை டீசல் உறிஞ்சப்பட்டு வருகிறது. அந்தக் குழாயில் ஒரு மயிரிழை விரிசல் இருந்தால் டீசல் வெளியே சொட்டுவது அபூர்வம். வெளிக்காற்றுதான் உள்ளே போகும். ராத்திரி முழுவதும் வண்டி நிற்கும்போது குழாயில் இருக்கிற டீசல் மெல்ல டேங்குக்கே திரும்பி இறங்கிவிடும். காலையில் பம்ப் உறிஞ்சுவது வெறும் காற்றை. தரையில் ஒரு சொட்டுகூட இல்லாததால் இந்தப் பக்கம் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

நானும் பார்க்கவில்லை. என் வண்டியில் இதே கோளாறு வந்தபோது குளிர்ந்த சிலிண்டரைச் சூடாக்கும் நான்கு ஹீட்டர் பிளக்குகளையும் மாற்றினேன். சிலிண்டருக்குள் டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டர்களைக் கழற்றிச் சோதிக்கக் கொடுத்தேன். எல்லாமே நன்றாகத்தான் இருந்தன. மூன்று வாரம் கழித்து, ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவில் ஒரு சாண் நீளம் கண்ணாடி போன்ற டீசல் ஹோஸை மாட்டிப் பார்த்தேன். இன்ஜின் ஓட ஓட அதில் குமிழிகள் வரிசையாகப் போயின. ஃபில்டர் தலையில் இருக்கும் கை பம்பின் ரப்பர் சீல் வெடித்திருந்தது. அதை மாற்றிய மறுநாள் காலை, முதல் சுற்றிலேயே பிடித்தது. அன்றிலிருந்து எந்தப் பழைய டீசலைப் பார்த்தாலும் அந்த ஹோஸ்தான் என் முதல் சோதனை.

குமிழி தெரிந்ததும் அது எங்கிருந்து வருகிறது என்று பிரித்துப் பார்க்கவும் எளிய வழி இருக்கிறது. சுத்தமான டீசலை ஒரு கேனில் ஊற்றி, பம்ப் மட்டத்துக்கு மேலே வைத்து, அதிலிருந்து நேராகப் பம்புக்கு ஹோஸ் கொடுங்கள். காற்றை எடுத்துவிட்டு, கேனை ராத்திரி அப்படியே விட்டு வையுங்கள். காலையில் வண்டி உடனே பிடித்தால், குற்றம் டேங்குக்கும் பம்புக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. கிளிப், ஹோஸ் முனை, ஃபில்டர் வாஷர், கை பம்ப் என்று வரிசையாகப் பாருங்கள். இன்ஜெக்டர்களை இணைக்கும் மெல்லிய ரிட்டர்ன் ஹோஸையும் விட்டுவிடாதீர்கள். வயதானால் அது விரலில் பிசைந்தாலே பொடியும்.

சரி, கோளாறைச் சரிசெய்தாயிற்று. உள்ளே இருக்கும் காற்றை வெளியே எடுக்க வேண்டும். ஃபில்டர் மேலே இருக்கும் பிளீட் திருகைத் தளர்த்திக் கை பம்பை அழுத்துங்கள். நுரை நின்று சுத்தமான டீசல் வந்ததும் இறுக்குங்கள். அதற்கும் பிடிக்காவிட்டால் இன்ஜெக்டர் குழாய் நட்டு ஒன்றிரண்டை அரைச்சுற்று தளர்த்திச் செல்ஃப் அடித்து, டீசல் எட்டிப் பார்த்ததும் இறுக்கிவிடலாம். ஒரே மூச்சில் 10, 15 விநாடிக்கு மேல் செல்ஃப் அடிக்காதீர்கள். மோட்டார் ஆற இடைவெளி கொடுங்கள்.

இந்த இடத்தில் மட்டும் தயவுசெய்து அவசரப்படாதீர்கள். இன்ஜெக்டர் திறப்பதே 100 பாருக்கு மேல் அழுத்தம் வந்தால்தான். டயரில் இருக்கும் காற்றைப் போல 30 மடங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த அழுத்தத்தில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஊசி குத்தியதுபோல ஒரு புள்ளிதான் தெரியும், உள்ளே சதை அழுக ஆரம்பிக்கும். அப்படி நேர்ந்தால் வலி இல்லாவிட்டாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். கசிவைத் தேட ஒரு அட்டையைக் காட்டுங்கள், கையை ஒருபோதும் காட்டாதீர்கள். புதிய காமன் ரெயில் இன்ஜின்களில் அழுத்தம் 1000 பாரையும் தாண்டும். அவற்றில் இந்த நட்டைத் தொடவே கூடாது.

வெள்ளைப் புகை வரும் வண்டிக்கு வருவோம். பெரும்பாலும் ஹீட்டர் பிளக்தான் காரணம். மேலே இருக்கும் மின்பட்டையைக் கழற்றிவிட்டு, ஒரு டெஸ்ட் விளக்கைப் பேட்டரியின் பாசிட்டிவில் மாட்டி, அதன் முனையால் ஒவ்வொரு பிளக்கையும் தொடுங்கள். விளக்கு எரியாத பிளக் செத்தது. கழற்றும்போது இன்ஜின் வெதுவெதுப்பாக இருக்கட்டும். பலம் காட்டினால் பிளக் முனை ஹெட்டுக்குள்ளேயே ஒடிந்து நின்றுவிடும். பிளக் எல்லாம் நன்றாக இருந்து, பேட்டரியும் செல்ஃபை வேகமாகச் சுற்றி, வெள்ளைப் புகையும் தீரவில்லை என்றால் அப்போது கம்ப்ரஷன் கேஜைத் தேடுங்கள். சூடான பிறகும் வெள்ளைப் புகை வந்து, ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்தால் இன்ஜின் ஹெட்டுக்கு அடியில் இருக்கும் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகப்பட வேண்டும்.

இன்ஜெக்டரைக் கழற்ற நேர்ந்தால் அடியில் இருக்கும் செம்பு வாஷரைத் திரும்பப் போடாதீர்கள். பழையது குழிக்குள்ளேயே ஒட்டியிருக்கும், டார்ச் அடித்துப் பார்த்து எடுங்கள். ஃபியூயல் பம்பை மட்டும் வீட்டில் பிரிக்க வேண்டாம். அதற்குள் டீசலை அழுத்தித் தள்ளும் பிளஞ்சரின் இடைவெளி தலைமுடியைவிடப் பல மடங்கு நுண்ணியது. ஒரு தூசி போதும் கெடுக்க. அதைப் பம்ப் வேலை தெரிந்தவரிடம் கொடுத்துவிடுங்கள்.

வேலை முடிந்து ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்ததும் 'சரியாகிவிட்டது' என்று நினைத்துவிடாதீர்கள். சூடான இன்ஜின் எப்படியும் பிடிக்கும். இரவு முழுவதும் நிறுத்தி வைத்து, காலையில் கை பம்பைத் தொடாமல் சாவியைத் திருப்புங்கள். அப்போது பிடிக்க வேண்டும்.

நன்றி, வணக்கம்.